அடி வரும் பக்கம் வழிவிடுங்கள்

சைக்கிள் வேலை பழகும் பிள்ளைகளுக்கு ஒரு மூத்தவனின் பன்னிரண்டு அறிவுரைகள்

பள்ளிக்கூடம் விட்டதும் உட்துறைமுக வீதிக்குப் பின்னாலுள்ள என் கொட்டிலுக்கு ஓடி வருகிற பிள்ளைகள் நீங்கள் ஆறேழு பேர். ரியூப்புக்கு ஒட்டுப் போடவும் றிம்மில் நெளிவு எடுக்கவும் பழகிவிட்டீர்கள். மொன்றியலிலிருந்து வந்த என் பெறாமகன் தன் மலையிறக்கச் சைக்கிளை இங்கே விட்டுப் போன நாள் முதல் உங்கள் கண் வேறொன்றிலும் நிற்பதில்லை. "செயின் ஏன் ஐயா நேரே போகாமல் மேலே ஏறி, ஒரு கப்பியைச் சுற்றிப் போகுது?" என்று உங்களில் ஒரு தங்கச்சி கேட்டாள். அன்று பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் தொழிலுக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள். முதலாவது நமது திருகோணமலைத் துறைமுகம். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, அதன் பட்டறைகளில் கை பழகியவர்கள் பலர் இங்கேயே தங்கினார்கள். அவர்களில் ஒருவரிடம் 1970களின் தொடக்கத்தில் நான் வேலை பழகினேன். கயிறு, கப்பி, சங்கிலி, சுமை என்ற நான்கு சொற்களுக்குள் அவர் எல்லாவற்றையும் விளக்கிவிடுவார். இரண்டாவது, 1990இல் ஊரைவிட்டுப் போன பிறகு மொன்றியலில் நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒரு சைக்கிள் கடை. மலையிறக்கச் சைக்கிள்களை அங்கேதான் கழற்றிப் பூட்டப் பழகினேன்.

இரண்டிலும் கற்றது ஒரே பாடம். அடி வரும் பக்கம் வழிவிட வேண்டும். விட்ட வழிக்கு என்ன விலை என்று அறிந்திருக்க வேண்டும். பின்சில்லு மடியும் பிணைச்சலை, அதாவது பிவட்டை, உயரத்தில் வைத்த பெறாமகனின் சைக்கிள் இந்தப் பாடத்தின் இரண்டு பாதியையும் ஒன்றாகக் காட்டுகிறது. அதனால்தான் அதை வைத்து உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1. முதலில் லுமாலாவைக் கழற்றிப் பூட்டுங்கள்

சாதாரண லுமாலா சைக்கிளில் பின்பக்கம் அசையும் இடம் ஒன்றும் இல்லை. பின்சில்லு பிறேமில் இறுகப் பூட்டியிருக்கிறது. திருக்கடலூரிலிருந்து மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஓடுகிறவரின் சைக்கிளை ஒருமுறை முழுதாகக் கழற்றிப் பாருங்கள். எந்தப் பக்கத்துக் கம்பி அறுந்திருக்கிறது? பெரும்பாலும் பல்லுச்சில்லு இருக்கும் பக்கத்துக் கம்பி. எங்கே வெடித்திருக்கிறது? அச்சின் குண்டுகள் உருளும் கோப்பையில். வீதிக் குழியின் ஒவ்வொரு அடியும் றிம், கம்பி, அச்சு, பிறேம் என்று ஏறி, கடைசியில் அவருடைய முதுகில் போய் முடிகிறது.

அடி எந்த வழியால் போனது என்று தேய்ந்த பாகங்களைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்தான் சைக்கிள்காரர். அந்தக் கண் வரும்வரை விலையுயர்ந்த சைக்கிளில் கை வைக்க வேண்டாம். அதிர்வு தாங்கும் ஷொக் இல்லாத சைக்கிள் உங்களுக்கு எதையும் மறைக்காது.

2. அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள்

பலரும் அடி கீழேயிருந்து வருகிறது என்றே நினைக்கிறார்கள். ஒரு பழைய சில்லை எடுத்து மதகுக் கட்டில் உருட்டி மோத விடுங்கள். சில்லு மேலே மட்டும் எழாது, பின்னாலும் துள்ளும்.

காரணம் எளிது. கட்டின் விளிம்பு சில்லை அதன் அடியில் தொடுவதில்லை, முன்புறம் சற்று மேலே தொடுகிறது. தொட்ட இடத்திலிருந்து அச்சுக்கு ஒரு கோடு போட்டால், தள்ளு அந்தக் கோட்டின் வழியே போகிறது. 370 மில்லிமீற்றர் ஆரையுள்ள சில்லு 100 மில்லிமீற்றர் உயரக் கல்லில் முட்டினால் அந்தக் கோடு நிமிர்கோட்டிலிருந்து 43 பாகை சாய்ந்திருக்கும். மேலே எவ்வளவு தள்ளுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பின்னாலும் தள்ளுகிறது.

மேலே தள்ளுவது ஓட்டுபவரை உலுக்கும். பின்னால் தள்ளுவது வேகத்தைத் தின்னும். மலையிறக்கப் போட்டியில் வேகம் போனால் எல்லாம் போய்விடும். ஆகவே கேள்வி இதுதான்: மேலே போக மட்டும் சில்லுக்கு வழிவிட்டால் போதுமா, பின்னால் போகவும் விட வேண்டுமா?

3. பிவட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

பிவட் என்பது கதவுப் பிணைச்சல் மாதிரி. பின்சில்லைத் தாங்கும் பின்கை அதைச் சுற்றித்தான் மடியும். பிணைச்சல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கதவு எந்த வட்டத்தில் திறக்கும் என்று சொல்லலாம், பின்சில்லும் அப்படித்தான்.

ஓர் அட்டை, ஒரு குண்டூசி, நூல், பென்சில் எடுங்கள். பின்னச்சுக்கு 430 மில்லிமீற்றர் முன்னால், அதே உயரத்தில் குண்டூசியைக் குத்தி ஒரு வில் வரையுங்கள். அச்சு 150 மில்லிமீற்றர் மேலே ஏறும்போது 27 மில்லிமீற்றர் முன்னுக்கு வந்திருக்கும். கல் பின்னால் தள்ள, சில்லு முன்னால் வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

இப்போது குண்டூசியை 150 மில்லிமீற்றர் உயர்த்திக் குத்துங்கள். அச்சு அதே 150 ஏறும்போது 25 மில்லிமீற்றர் பின்னுக்குப் போயிருக்கும். கல் தள்ளும் பக்கமே சில்லு விலகிக்கொடுக்கிறது. உயர்ந்த பிவட்டின் முழு நியாயமும் இந்த இரண்டு வில்லுக்கும் இடையிலுள்ள ஐந்து சென்ரிமீற்றருக்குள் இருக்கிறது. கடைகளில் விற்கும் சைக்கிள்களில் அளவுகள் ஒன்றுக்கொன்று மாறும். பல இணைப்புகள் வைத்த பின்கைகளில் பிணைச்சல் ஒரே புள்ளியில் நிற்பதும் இல்லை. ஆனாலும் வில்லை வரைந்து பார்க்காமல் எந்தப் பின்கையைப் பற்றியும் பேச வேண்டாம்.

4. செயினிடமும் கேளுங்கள்

சில்லுக்கு வழி கிடைத்தது. செயின் என்ன ஆனது? அதே அட்டையில் பெடல் அச்சையும் குறியுங்கள்: குண்டூசிக்கு நேர் கீழே, பின்னச்சைவிட 25 மில்லிமீற்றர் தாழ்வாக. தொடக்கத்தில் இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம் 431 மில்லிமீற்றர். சில்லு 150 ஏறி, 25 பின்னுக்குப் போன பிறகு அளந்து பாருங்கள்: 488. இடைத்தூரம் 57 மில்லிமீற்றர் கூடிவிட்டது.

செயினில் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் 12.7 மில்லிமீற்றர். 57 என்றால் நாலரைக் கண்ணி. செயின் றபர் இல்லை, நீளாது. அது முன் பல்லுச்சில்லைப் பின்னோக்கி இழுக்கும். 34 பல்லுச் சில்லாக இருந்தால் பெடல் ஏறத்தாழ எட்டில் ஒரு சுற்றுப் பின்னால் உதைக்கும். கல்லில் பாயும் நேரத்தில் கால் உதை வாங்கினால் ஓட்டுபவர் விழுவார். பெடலை அவர் இறுக்கி மிதித்து நின்றாலோ, செயின் பின்கையைப் பிடித்துக்கொள்ளும்; ஷொக் வேலை செய்யாது.

ஓரிடத்தில் கொடுத்த வழி இன்னோரிடத்தில் இறுக்கமாக வந்து நிற்கிறது. எந்தப் பொறியைப் படித்தாலும், ஒரு திருத்தம் செய்தவுடன் "இறுக்கம் எங்கே போனது?" என்று கேட்கப் பழகுங்கள்.

5. கப்பியின் வேலையைத் துறைமுகத்தில் படியுங்கள்

அந்த இறுக்கத்துக்கான மருந்தை நான் மொன்றியலில் காண்பதற்கு இருபது வருடம் முன்பே நம் துறைமுகத்தில் கண்டுவிட்டேன். பழைய சரக்குக் கப்பல்களில் சுமை தூக்கும் டெரிக் என்ற நீண்ட கை இருக்கும். கொழுக்கியிலிருந்து மேலே போகும் கயிறு கையின் நுனிக் கப்பியில் திரும்பி, கையோடு ஒட்டிக் கீழே வந்து, அடியில் இன்னொரு கப்பியைச் சுற்றி, அதன் பிறகே வின்சுக்குப் போகும். அந்த அடிக்கப்பி டெரிக்கின் கை மடியும் பிணைச்சலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

"ஏன் கயிற்றை நுனியிலிருந்து நேரே வின்சுக்கு இழுக்கக் கூடாது?" என்று என் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஒரு குச்சியையும் நூலையும் எடுத்துக் காட்டினார். கயிறு பிணைச்சலுக்குப் பக்கத்தால் போனால், கையை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் நுனிக்கும் அடிக்கும் இடையே கயிற்றின் நீளம் மாறாது. கயிறு தூரத்தால் போனால், கை அசையும் ஒவ்வொரு தடவையும் சுமை தானாக ஏறும், இறங்கும். கீழே ஆட்கள் நிற்பார்கள்.

பெறாமகனின் சைக்கிளில் இருக்கும் ஐட்லர் கப்பி செய்வது அதே வேலைதான். பின்னால் இருந்து வரும் மேற்செயினைப் பிவட்டுக்குப் பக்கத்தால் கூட்டி வந்து, பிறகு கீழே முன் பல்லுச்சில்லுக்கு அனுப்புகிறது. பின்கை மடிந்தாலும் கப்பிக்கும் பின்பல்லுக்கும் இடைத்தூரம் பெரிதாக மாறுவதில்லை. பெடல் உதை அடங்குகிறது. உங்கள் அண்ணன்மாரின் மோட்டார் சைக்கிளைக் குனிந்து பாருங்கள்: எஞ்சினின் முன் பல்லுச்சில்லு பின்கை மடியும் இடத்துக்குக் கிட்டவே இருக்கும். நோக்கம் ஒன்றே.

தங்கச்சி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். சில்லுக்குப் பின்னால் போக வழி கொடுத்ததால், செயினுக்கு மேலே ஏற வழி தேவைப்பட்டது.

6. கப்பியின் ஆணியை ஒருநாளும் மறவாதீர்கள்

திசை திருப்பும் கப்பி சுமை ஏற்கும். கயிறு அதில் 60 பாகை திரும்பினால் கயிற்றிலுள்ள இழுவை அளவே ஆணியிலும் விழும். 90 பாகைக்கு அதன் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. முழுதாகத் திரும்பி வந்தால் இரண்டு மடங்கு. இறுகிய கயிறு கப்பியில் மடங்கும் இடத்தில், மடிப்பின் உட்பக்கம் நிற்கக் கூடாது என்பது துறைமுகத்தில் முதல் நாளே சொல்லித்தரும் சட்டம். ஆணி போனால் கயிறு அந்தப் பக்கம்தான் பாயும்.

சைக்கிளில் சுமை சிறிது என்று நினைக்க வேண்டாம். 80 கிலோ எடையுள்ளவர் 170 மில்லிமீற்றர் கிராங்கில் ஒற்றைக்காலால் ஏறி நின்றால், 34 பல்லுச் சில்லில் செயின் இழுவை ஏறக்குறைய 200 கிலோ. அவ்வளவையும் உங்கள் சுண்டுவிரல் தடிப்புக் கூட இல்லாத ஓர் ஆணி தாங்குகிறது.

மொன்றியலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஓர் இளைஞனின் கப்பி ஆணியைக் கைக்கணக்கில் இறுக்கி அனுப்பினேன். ரோர்க் சாவி என் பின்னால் சுவரில் தொங்கியது. மறுநாள் முதல் இறக்கத்திலேயே ஆணி தளர்ந்து, கப்பி சரிந்து, செயின் இறுகி நின்றுவிட்டது. அவனுடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. நான் மறக்கவும் இல்லை. உற்பத்தியாளர் குறித்த இறுக்க அளவைச் சாவியால் அளந்து இறுக்குங்கள். ஆணியின் தலையிலும் பிறேமிலும் சேர்ந்தாற்போல் பெயின்ரால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் சைக்கிள் கொட்டிலை விட்டு வெளியே போகக் கூடாது.

7. விலையைப் பட்டியல் போடுங்கள்

எந்த வடிவத்தையும் புகழ்வதற்கு முன் அதன் விலையை ஒரு தாளில் எழுதுங்கள். காசு விலையைச் சொல்லவில்லை.

செயின் ஓர் இடத்தில் கூடுதலாக மடிகிறது; ஒவ்வொரு மடிப்பும் காலின் பலத்தில் கொஞ்சம் எடுக்கும். சின்னக் கப்பி கூடுதலாக எடுக்கும்: 12 பல்லுக் கப்பியில் ஒவ்வொரு கண்ணியும் 30 பாகை மடிய வேண்டும், 18 பல்லில் 20 போதும். கப்பியின் பல் தேயும், சேறு பட்டால் சத்தம் போடும். செயின் நீளமாக வேண்டும். சில சைக்கிள்களுக்கு ஒரு பெட்டிச் செயின் போதாமல் இன்னொன்றிலிருந்து கண்ணி வெட்டிச் சேர்க்க வேண்டும். கீழ்ச்செயினின் நீள மாற்றத்தைக் கப்பி தீர்ப்பதில்லை. அதைப் பின்னாலுள்ள கியர் கைதான் நீண்டு கொடுத்துச் சமாளிக்கிறது. அதனால் செயின் நீளத்தை அளக்கும்போது ஷொக்கின் சுருளையோ காற்றையோ எடுத்துவிட்டு, பின்கையை முழுதாக மடித்துப் பார்த்தே வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் முதல் பெரிய பாய்ச்சலில் கியர் கை பிய்ந்து போகும்.

வாரத்துக்கொருமுறை துடைக்கவும் எண்ணெய் விடவும் மனமில்லாதவருக்கு இந்தச் சைக்கிளைப் பரிந்துரைக்காதீர்கள். அவருக்கு எளிய பின்கையே நல்லது. அதை அவருக்கு நேரே சொல்வதுதான் மரியாதை.

8. பிறேக்கைத் தனியாக வைத்துப் பாருங்கள்

பிறேக்கின் உடல் பின்கையில் பூட்டியிருந்தால், சில்லைப் பிடிக்கும்போது பின்கையையும் அது சேர்த்து முறுக்கும். பிவட் உயர்ந்திருக்கும் ஒற்றைக் கையில் இந்த முறுக்கு பின்பக்கத்தைக் கீழே அமுக்கும். ஒருவகையில் அது நன்மை: செங்குத்தான இறக்கத்தில் பிறேக் பிடிக்கும்போது பின்பக்கம் எழும்பி ஆளை முன்னால் தள்ளாது. ஆனால் ஏற்கனவே அமுங்கிய ஷொக்கில், வரும் கல்லுக்கு இடம் குறைவு. கல் நிறைந்த இடத்தில் பிறேக்கைப் பிடித்துக்கொண்டே போனால், கொடுத்த வழி முழுவதையும் நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

இதற்காகச் சிலர் பின்னச்சிலேயே இன்னொரு பிணைச்சல் வைக்கிறார்கள். 2021இல் உயர்ந்த பிவட்டோடு வந்த ட்ரெக் நிறுவனத்தின் செஷன் சைக்கிளில் அந்த ஏற்பாடு உண்டு. ஓட்டுகிறவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கல்லுக்கு முன்னால் பிடி, கல்லின் மேல் விடு.

9. ஆளின் எடைக்கு ஷொக்கை அமையுங்கள்

மலையிறக்கச் சைக்கிளின் பின்சில்லுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் அசைவு உண்டு. ஆள் ஏறி, ஓட்டும் நிலையில் நின்றால் அதில் 30 சதவீதம், அதாவது 60 மில்லிமீற்றர் அளவில் அமுங்கி நிற்பது நல்ல தொடக்கம். ஷொக்கின் தண்டு 75 மில்லிமீற்றர் ஓடுவதாக இருந்தால் அதில் 22 அல்லது 23 என்று அளந்து பாருங்கள்.

இருக்கையில் உட்கார வைத்து அளக்காதீர்கள். இறக்கத்தில் யாரும் உட்கார்ந்து போவதில்லை. தலைக்கவசம், சப்பாத்து, முழங்கால் காப்பு எல்லாம் போட்ட பிறகே அளவுங்கள். 55 கிலோப் பிள்ளைக்கு 85 கிலோக்காரரின் சுருளைப் போட்டுக் கொடுத்தால், உலகத்தின் மிகச் சிறந்த பிவட்டும் அசையாது.

10. சைக்கிள் நீளுவதை உடம்புக்குச் சொல்லிவையுங்கள்

பின்சில்லு பின்னால் போகும்போது இரண்டு சில்லுக்கும் இடைத்தூரம் கூடும். நேரான கல்லிறக்கத்தில் இது உறுதியைத் தரும். நீளமான வள்ளம் அலையில் நிற்பதுபோல் நிற்கும். வளைவில் அதே நீளம் உங்களிடம் பொறுமை கேட்கும். பின்பக்கம் அமுங்கி நீண்ட நேரத்தில் எடை முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் பிரிகிற அளவு மாறுகிறது. முன்சில்லைத் தூக்கவும் கூடுதல் பலம் வேண்டும்.

ஆகவே புதிதாக ஏறுபவரை நேரே இறக்கத்துக்கு அனுப்ப வேண்டாம். ஒரே மேட்டில், ஒரே வேகத்தில், பத்துத் தரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள். மிதமான ஒரு வளைவில் இன்னொரு பத்துத் தரம். சைக்கிள் எப்போது நீளுகிறது, எப்போது சுருங்குகிறது என்று உள்ளங்கால் சொல்லத் தொடங்கும். அதன் பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

11. உப்புக்காற்றோடு வேலை செய்யப் பழகுங்கள்

நான் சிறுவனாக இருந்தபோது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை பாதை என்ற மிதவையில் ஏற்றித்தான் சைக்கிள் அக்கரை போகும். தினமும் கடந்தவர்களின் செயினில் எப்போதும் துரு சிவந்து நிற்கும். உவர்நீர் என்ன செய்யும் என்பதை அந்தச் செயின்களில்தான் நான் முதலில் படித்தேன்.

கனடாவில் வீதிகளுக்குப் பனியுருக உப்புப் போடுவார்கள். அங்கேயும் இதே பகைவனைத்தான் எதிர்கொண்டேன். நம் ஊரில் அவன் காற்றிலேயே இருக்கிறான். உயர்ந்த பிவட் சைக்கிளில் பெயாரிங்குகள் பல, அலுமினியத்தில் உருக்கு ஆணி போன இடங்கள் பல. இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் ஆணி துளையோடு ஒட்டிக்கொண்டு கழற்ற வராது.

ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பிவட்டை நோக்கி வேகமாகத் தண்ணீர் பாய்ச்சினால் உப்பையும் மணலையும் நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். நிழலில் காய வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மேலதிக எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வாடை தொடங்குவதற்கு முன் ஒருமுறை எல்லாப் பிவட்டையும் கழற்றி, பழைய கிறீஸை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். கச்சான் காற்று மணலை வாரி வரும் மாதங்களில் கப்பியின் பற்களை வாரத்துக்கு இருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பல்லின் ஒரு பக்கம் கொக்கிபோல் வளைந்திருந்தால் கப்பியின் ஆயுள் முடிந்தது.

12. பெயருக்கு மயங்காதீர்கள்; இடத்தை மதியுங்கள்

இந்த வடிவம் நேற்று வந்ததில்லை. கியூபெக் மாகாணத்தின் பால்ஃபா நிறுவனம் 2000களின் தொடக்கத்திலேயே பிபி-7 என்ற சைக்கிளில் உயர்ந்த பிவட்டையும் கப்பியையும் வைத்தது. பிறகு பலர் அதைக் கைவிட்டார்கள். 2010களில் அன்டோராவின் கொமன்சால் அதைத் திரும்ப எடுத்தது. 2018இல் அமோரி பியரோன் அந்தச் சைக்கிளில் உலகக் கிண்ணத் தொடரை வென்றார். அதன் பிறகு மற்ற நிறுவனங்களும் வரிசையாக வந்தன. நல்ல யோசனை ஒன்று காத்திருந்து, ஏற்ற செயினும் ஷொக்கும் வந்த பிறகு எழுந்ததை நான் என் கடை மேசையிலேயே பார்த்தேன்.

2019இல் கியூபெக்கின் மொன்ற் செயின்ற் ஆன் மலையில் உலக சம்பியன்ஷிப் நடந்தது. பெண்களில் வென்ற மிரியம் நிக்கோலின் கொமன்சாலில் உயர்ந்த பிவட்டும் கப்பியும் இருந்தன. ஆண்களில் வென்ற லொயிக் புரூனியின் ஸ்பெஷலைஸ்ட் டெமோவில் கப்பி இல்லை. ஒரே மலை, ஒரே நாள், இரண்டு வகைச் சைக்கிளுக்கும் தங்கம். வடிவம் உதவும்; ஓட்டுகிறவரின் கண்ணையும் கையையும் அது ஈடுசெய்யாது.

நம் பக்கமும் இந்த விளையாட்டு எட்டாத தூரத்தில் இல்லை. 2023 ஒக்ரோபரில் கேரளத்தின் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. உங்களில் ஒருவர் அப்படியொரு மலையில் நிற்பதை, ஓட்டுபவராகவோ பக்கத்தில் சாவியோடு நிற்பவராகவோ, பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.

ஆனால் இடம் பார்த்து இறங்குங்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதை கும்பிட வருகிறவர்களுடையது; கோட்டைக்குள் மான்கள் குறுக்கே வரும். அங்கே சைக்கிளை உருட்டிக்கொண்டு நடவுங்கள். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் பஸ்ஸும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காட்டுப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு; வேலி போட்ட காணிக்குச் சொந்தக்காரர் உண்டு. அனுமதி கேட்டு, ஒரு சின்ன மண்மேட்டை நீங்களே வெட்டிப் பழகுங்கள். முகம் மூடும் தலைக்கவசம் இல்லாமல் ஒருவரையும் அதில் ஏற விடாதீர்கள்.

பிள்ளைகளே, வழிவிடுவதும் விலை அறிவதும் சைக்கிளோடு நின்றுவிடும் பாடமாக எனக்குத் தெரியவில்லை. அடியை எதிர்த்து இறுகி நின்ற எத்தனையோ ஆணிகள் அறுந்ததை இந்தத் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். அசைய இடம் கொடுத்து, அசைவுக்கு வேண்டிய கப்பியையும் வைத்து, அந்தக் கப்பிக்கு எண்ணெயும் விட்டவர்களின் வேலை நெடுநாள் நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

நாளை வரும்போது ஆளுக்கோர் அட்டையும் பென்சிலும் கொண்டு வாருங்கள். பெறாமகனின் சைக்கிளைக் கழற்றுவோம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. திருக்கடலூர் மீன்காரரின் பின்சில்லில் மூன்று கம்பி அறுந்து கிடக்கிறது. விடிய நாலு மணிக்கு அவர் கரைக்குப் போக வேண்டும். முதலில் அந்தச் சில்லு, பிறகு கப்பி.